முன்பக்கத்தைத் தூக்கி மூன்று வருடம்: போகாத அந்த 'டொக்'

போன வாரம் என் பிக்கப்பின் மேல் பால் ஜாயின்ட் (முன் சக்கரத்தை அதைப் பிடிக்கும் ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு) இரண்டையும் மாற்றினேன். அன்றைக்கு சாயங்காலமே மேடவாக்கத்தில் தண்ணீர் கேன் லோடு அடிக்கும் நண்பர் போன் செய்தார். "அண்ணே, நானும் உங்க வண்டி மாதிரி முன்னாடி தூக்கிடலாம்னு இருக்கேன். ஒரு போல்ட்டைத் திருகினா போதுமாமே?" போதும், அது உண்மைதான். திருகின பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அவருக்கும், இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் ஏன் தூக்கினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் சமையல்கூடம் நங்கநல்லூரில் இருக்கிறது. அப்பா கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, இன்று தெருதான் மேலே இருக்கிறது, எங்கள் கேட் முக்கால் அடி பள்ளத்தில் கிடக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அதற்குள் எங்கள் தெரு ஏற வேண்டிய உயரம் ஏறிவிட்டது. வாசலிலிருந்து தெருவுக்கு ஏற ஒரு குட்டையான, செங்குத்தான சிமெண்ட் சாய்வு. அதை நீட்டலாம் என்றால் குறுக்கே மழைநீர் வடிகால் மூடி. முகூர்த்த நாளில் விடிகாலை மூன்றரைக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பம்பர் அந்தச் சாய்வில் 'கர்ர்ர்' என்று உரசும். எதிர் வீட்டில் உடம்பு முடியாத பெரியவர் ஒருவர் இருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு அவர் வீட்டு விளக்கு எரியும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

2022 ஆடியில், கல்யாணம் இல்லாத மாதம் பார்த்து, புதுப்பேட்டைப் பக்கம் ஒரு ஷெட்டில் விட்டேன். என் வண்டிக்கு முன்னால் டார்ஷன் பார். நீளமான எஃகுக் கம்பி. ஒரு முனை சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்மில், மறு முனை சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் ஒரு போல்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். கம்பி முறுக்கிக்கொள்வதுதான் ஸ்பிரிங். போல்ட்டை இறுக்கினால் வண்டியின் மூக்கு எழும்பும். முன்னாலும் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், உங்கள் வண்டியில் திருக அப்படி ஒரு போல்ட்டே இருக்காது.

ஷெட்டில் முக்கால் மணி நேர வேலை. நாற்பத்தைந்து மில்லிமீட்டர் தூக்கினார்கள். "இனிமே லோடும் கூடத் தாங்கும் சார்" என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் விடிகாலை சத்தமே இல்லாமல் தெருவுக்கு ஏறினேன். எதிர் வீட்டு விளக்கு எரியவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் புழுதிவாக்கம் வரைக்கும்தான். முதல் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னால் கீழேயிருந்து 'டொக்' என்று ஒரு அடி. கல் ஏதோ பட்டுவிட்டது என்று நினைத்தேன். அடுத்ததிலும் 'டொக்'. சக்கரம் ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான். மண்டபம் போய்ச் சேர்ந்து பின்கதவைத் திறந்தால் சாம்பார் அண்டாவுக்குக் கட்டியிருந்த வெள்ளை வேடு துணி நடுவில் மஞ்சளாக நனைந்து, ஓரத்தில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து வருடமாகச் சாம்பார் கொண்டுபோகிறேன், வேடு நனைந்தது அன்றைக்குத்தான்.

இந்தச் சத்தத்துக்காக நான்கு ஷெட் ஏறி இறங்கினேன். ஒருவர் புஷ் என்றார், மாற்றினோம். இன்னொருவர் ஷாக் அப்சார்பர் என்றார், அதையும் மாற்றினோம். இன்னொருவர், கம்பியை இறுக்கியதால் ஸ்பிரிங் கெட்டியாகிவிட்டது என்றார். மூன்றும் இல்லை. விஷயத்தை விளக்கியவர் ஆலந்தூரில் தனியாக ஒரு பிட் வைத்து வேலை செய்யும் வயதான மெக்கானிக். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, டேப்பைப் பிடித்துக் காட்டினார். போல்ட்டைத் திருகினால் கம்பி கெட்டியாவதும் இல்லை, லோடு கூடத் தாங்குவதும் இல்லை. கம்பி அதே கம்பிதான். மாறுவது சக்கரம் நிற்கும் இடம் மட்டும். சக்கரம் மேலும் கீழுமாகப் போய்வர மொத்தம் பதினாறு சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மேலே ஒன்பது, கீழே ஏழு. நாலரை தூக்கிவிட்டால் கீழே இறங்க மிச்சம் இருப்பது இரண்டரை. சக்கரம் பள்ளத்தில் இறங்கப் பார்க்கும்போது அந்த இரண்டரை தீர்ந்து, ஆர்ம் தன் எல்லையில் போய் இடிக்கிறது. அதுதான் 'டொக்'. கேட்டில் எனக்குக் கிடைத்த உயரம், சக்கரம் கீழே இறங்க வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்தது.

நம் ஊர் வேகத்தடைகளில் இது வலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 99 சொல்லும் வட்டமான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. அதில் சக்கரம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். உள்தெருக்களில் இருப்பவையோ பல இடத்தில் ஓரடி, ஒன்றரை அடி அகலத்தில் சுவர் மாதிரி நிற்கின்றன. சக்கரம் அதிலிருந்து இறங்குவதில்லை, விழுகிறது. எங்கள் கூடத்திலிருந்து வேளச்சேரி மெயின் ரோடு போவதற்குள் பதினொன்று இருக்கின்றன. பதினொன்றையும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தூக்கிய ஷெட்டில் வீல் அலைன்மென்ட் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று சொல்லவும் இல்லை. மூக்கு உயர்ந்தால் சக்கரத்தின் தலை வெளிப்பக்கம் சாயும். பதினாலாயிரம் கிலோமீட்டரில் முன் டயர் இரண்டும் வெளி ஓரத்தில் மொட்டையாகிவிட்டன. ஹெட்லைட்டும் மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் லோடு ஏற்றினால் இன்னும் மேலே போகும். எதிரே வருகிற பைக்காரர் கண்ணைக் கையால் மறைப்பதைப் பார்த்த அன்றைக்கே லைட்டை இறக்கி வைத்தேன். மேல் பால் ஜாயின்ட் எப்போதும் தன் கோணத்தின் கடைசியில் நின்றதால் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே போய், மழைத்தண்ணீர் உள்ளே போனது. போன வாரச் செலவு அதற்குத்தான். வேலைக்கும் சேர்த்து ஆறாயிரத்து நானூறு ரூபாய்.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவைக் காட்டி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த போல்ட் இருப்பது, நாளாக ஆகத் தளர்ந்து இறங்கிய மூக்கை கம்பெனி சொன்ன உயரத்துக்குத் திரும்பக் கொண்டுவரத்தான். எஃப்சி (தகுதிச் சான்று) காட்டுகிற மஞ்சள் போர்டு வண்டிக்காரர்கள் நாம், உயரத்தில் அளவு மீறினால் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.

பால் ஜாயின்ட் மாற்றிய கையோடு அந்த மெக்கானிக்கிடமே உயரத்தையும் குறைக்கச் சொன்னேன். வேலையை அவர் செய்த விதம் நிறைவாக இருந்தது. தரையிலிருந்து அளக்கவே இல்லை, டயரில் காற்று கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவு மாறிவிடும் என்றார். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினார். போல்ட்டில் வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டார். சக்கரம் தொங்கும்படி தூக்கி, பாரத்தை எடுத்த பிறகுதான் ஸ்பேனரை வைத்தார், இல்லையென்றால் மரை போய்விடுமாம். அரை அரைச் சுற்றாகத் தளர்த்தி, கீழே இறக்கி, என்னைப் பரங்கிமலை ஸ்டேஷன் வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லி, மறுபடி அளந்தார். இதே மாதிரி மூன்று முறை. நாற்பத்தைந்து இப்போது முப்பது.

அன்றைக்கு ராத்திரி கேட்டில் பையன் டார்ச் பிடித்தான், நான் ஊர்ந்து ஏற்றினேன். பம்பருக்கும் சிமெண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறது, அவ்வளவுதான் இடம். பதினொரு வேகத்தடையில் இப்போது நான்கில்தான் 'டொக்'. அந்த நான்கும் இன்றைக்கும் என் பொறுமையைச் சோதிக்கின்றன, ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

இத்தனை திட்டியும், முழுசாக கம்பெனி உயரத்துக்கு இறக்கிவிடட்டுமா என்று மெக்கானிக் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டேன். இந்தக் கேட் இருக்கும்வரை இறக்க மாட்டேன். நாளைக்கே வேறு பிக்கப் வாங்கினாலும் அதையும் முப்பது தூக்குவேன்.

ஆனால் மேடவாக்கத்து நண்பரின் வாசல் தெருவோடு சமமாக இருக்கிறது. எதற்குத் தூக்க வேண்டும் என்று கேட்டால், பார்க்க கம்பீரமாக இருக்கிறது என்கிறார். அவருக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். போனில் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன். அண்டாவில் விளிம்புக்கு நான்கு விரல் கீழே வரை தண்ணீர் ஊற்றி, வேடு கட்டி, பின்னால் ஏற்றிவைத்துவிட்டு சாவியை அவரிடமே கொடுத்துவிடுவேன். புழுதிவாக்கம் வழியாகப் போய்விட்டு வரட்டும்.