இன்ஸ்டா டீன் அக்கவுண்ட்: ஒரு அம்மாவோட ரிவ்யூ

என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, 14 வயசு. ஸ்கூல் விட்டு வந்ததும் பையை போட்டுட்டு போனோட ரூமுக்குள்ள போய்டுவா, எது கேட்டாலும் "ம்", "ஒண்ணுமில்ல", பக்கத்து ரூம்ல இருக்கவளுக்கு "தோசை ஆறுது வா"ன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டுதான் கூப்பிடணும். போன வருஷம் ஒரு நாள் அவங்க அப்பா போனை பிடுங்கி சாட் எல்லாம் படிச்சாரு, தப்பா ஒண்ணுமே இல்ல, ஆனா அதுக்கப்புறம் பத்து நாள் எங்ககிட்ட முகம் கொடுத்து பேசல.

அதனாலதான் இன்ஸ்டாகிராம்ல டீன் அக்கவுண்ட், அதாவது டீன் ஏஜ் பிள்ளைங்களுக்கான அக்கவுண்ட், அதோட பெத்தவங்க கவனிச்சுக்கற சூப்பர்விஷன் வசதியையும் செட் பண்ணோம். இன்ஸ்டாகிராம் கம்பெனியான மெட்டா டீன் அக்கவுண்டை 2024 செப்டம்பர்ல கொண்டு வந்தாங்க, இந்தியாவுக்கு 2025 பிப்ரவரில வந்துச்சு. அக்கவுண்ட் தானா பிரைவேட் ஆகிடும், முன்னபின்ன தெரியாதவங்க மெசேஜ் அனுப்ப முடியாது, 60 நிமிஷம் ஆனா போதும்னு ஞாபகப்படுத்தும், ராத்திரி 10ல இருந்து காலைல 7 வரைக்கும் நோட்டிபிகேஷன் வராது. 16 வயசுக்கு கீழ இருந்தா இதையெல்லாம் தளர்த்த நம்ம ஓகே சொல்லணும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது, சூப்பர்விஷனை பிள்ளைக்கு தெரியாம பண்ணவே முடியாது, ஒருத்தர் இன்வைட் அனுப்பி இன்னொருத்தர் அக்செப்ட் பண்ணணும். "அப்போ என் சாட்டையும் படிப்பியாம்மா?"ன்னு கேட்டா. கடைசி 7 நாள்ல யார்கிட்ட பேசினான்னு பேரு மட்டும்தான் வரும், என்ன பேசினான்னு வராதுன்னு என் போன்லயே திறந்து காட்டினேன், ரெண்டு தடவை வாங்கி வாங்கி பார்த்துட்டுதான் நம்பினா.

ஒரு நாள் தெரியாத பேரு ஒண்ணு இருந்துச்சு. கூப்பிட்டு விசாரிக்கல, சாயங்காலம் சின்ன வெங்காயம் உரிக்கும்போது "யாருடி அது, புது ஃப்ரெண்டா?"ன்னு சாதாரணமாதான் கேட்டேன். ட்யூஷன்ல படிக்கிற பொண்ணாம், அவங்க வீட்ல தினமும் சண்டையாம், ராத்திரி இவகிட்டதான் அழுவாளாம். என் பொண்ணும் ஒரு கத்தி எடுத்துட்டு பக்கத்துல உக்காந்து அரை மணி நேரம் சொன்னா, வெங்காயம் முழுசும் உரிச்சு முடிச்சாச்சு. சாட்டை படிச்சிருந்தா விஷயம் தெரிஞ்சிருக்கும், ஆனா அவ வாயால கேட்டிருக்க மாட்டேன்.

செட் பண்றவங்க மொதல்ல பிறந்த வருஷத்தை பாருங்க, சின்ன பிள்ளைங்க வயசை கூட்டி போட்டுதான் அக்கவுண்ட் திறப்பாங்க, அப்படி இருந்தா டீன் அக்கவுண்ட் தானா வராம போகலாம். ராத்திரி நோட்டிபிகேஷன்தான் நிக்கும், ஆப்பையே நிறுத்தணும்னா நீங்கதான் தனியா பிளாக் பண்ணணும், நாங்க அதை பரீட்சை நேரத்துல மட்டும் வெச்சிருக்கோம், எத்தனை மணின்னு அவளே சொன்னா. பெத்தவங்களுக்குன்னு இருக்கற ஃபேமிலி சென்டர் பக்கத்துல எல்லாமே இருக்கு, லீவு நாளா பார்த்து பிள்ளையை பக்கத்துல உக்கார வெச்சுட்டு திறங்க.