போகும்போது கையில் என்ன? அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் தனியாருக்குள்ள மூன்று வழிகள்

அமெரிக்கத் தேசியப் பூங்காவுக்குள் தங்கும் அறை, சாப்பாடு, குதிரைச் சவாரி எல்லாம் பெரும்பாலும் தனியார் கையில்தான். நிலமும் கட்டடங்களும் அரசுடையவை. தொழில் செய்ய வருபவருக்குத் தேசியப் பூங்காச் சேவை திறந்துவைத்திருக்கும் முக்கியமான வாசல்கள் மூன்று: கன்செஷன் ஒப்பந்தம் (பயணிகளுக்கான சேவையைப் பூங்காவுக்குள் நடத்தும் உரிமை), வணிக அனுமதி, கட்டடக் குத்தகை. இவற்றை எடைபோட எங்கள் அளவுகோல் ஒன்றே: காலம் முடிந்து கிளம்பும் நிறுவனத்துக்குப் பூங்கா என்ன கொடுத்தாக வேண்டும்?

பெரிய விடுதிகளுக்குக் கன்செஷன்தான். பொதுவாக 10 ஆண்டு, உச்சம் 20. அறை வாடகையையும் உணவு விலையையும் வெளியே உள்ள ஒத்த விடுதிகளோடு ஒப்பிட்டுப் பூங்காச் சேவை ஒப்புதல் தர வேண்டும். நிறுவனம் கட்டும் உரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் அந்தப் பூங்காவிலேயே செலவாகும். சுற்றுலாப் பயணிகளுக்கும் காட்டுக்கும் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறில்லை.

சிக்கல் வெளியேறும்போதுதான். நிறுவனம் முன் அனுமதியோடு கட்டியதற்கு ஓர் ஈட்டுரிமை, அதாவது போகும்போது அதற்குரிய தொகையைப் பெறும் உரிமை உண்டு. ஆங்கில முதலெழுத்துகளால் எல்.எஸ்.ஐ. என்பார்கள். நம் ஊரில் ஒத்திக்கு இருப்பவர் வீட்டைக் காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவாரே, ஏறக்குறைய அதுபோல. வித்தியாசம், இந்தத் தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறும். கட்டடம் தேய்ந்த அளவுக்கு மட்டும் குறையும். வண்ணம் பூசுதல் போன்ற வழக்கமான பராமரிப்பு கணக்கில் வராது. அதனால் இருப்பதைப் பேணுவதைவிடப் புதிதாகக் கட்டுவதில் ஆசை பிறக்கிறது. அடுத்து ஏலத்துக்கு வருபவர் அந்தத் தொகையை முதலில் கொடுத்தாக வேண்டும் என்பதால் போட்டியும் சுருங்குகிறது. கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் அது ஏறத்தாழ 20 கோடி டாலராக வளர்ந்து, பாதியைப் பூங்காச் சேவையே அடைக்க வேண்டியதாயிற்று.

யோசெமிட்டி பூங்காவில் நடந்தது இன்னும் கசப்பானது. 2016இல் கன்செஷன் நிறுவனமான டெலவேர் நார்த் போய் அராமார்க் நிறுவனம் வந்தபோது, 1927இல் திறந்த அவானி ஹோட்டலின் பெயரே பழைய நிறுவனத்தின் வணிகச் சின்னமாகப் பதிவாகியிருந்தது. பெயர்ப் பலகைகளை மாற்றினார்கள். கரி வில்லேஜ் என்ற தங்குமிடத்தின் பெயர் ஹாஃப் டோம் வில்லேஜ் ஆனது. 2019இல் 1.2 கோடி டாலர் சமரசத்துக்குப் பிறகே பழைய பெயர்கள் திரும்பின. ஊர் அறிந்த ஒரு பெயர் பூங்காவின் சொத்து என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

வணிக அனுமதியில் இந்தத் தொல்லை கிடையாது. அதிகபட்சம் 2 ஆண்டு, நிரந்தரக் கட்டடம் கூடாது, புதுப்பிப்பதில் முன்னுரிமையும் இல்லை. 1998 சட்டப்படி, பூங்காவுக்குள்ளேயே நடக்கும் தொழில் என்றால் ஆண்டு வரவு 25,000 டாலரைத் தாண்டக்கூடாது. வெளியே தொடங்கி வெளியே முடியும் பயணங்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. மலையேற்ற வழிகாட்டிக்கும் புகைப்பட வகுப்பு நடத்துபவருக்கும் இது போதும். ஆனால் இரண்டே ஆண்டு நிச்சயம் உள்ளவர் நல்ல வண்டி வாங்கவோ ஆட்களைப் பழக்கவோ தயங்குவார்.

குத்தகை 60 ஆண்டு வரை போகலாம். பாழாகும் பழைய கட்டடத்துக்கு இதுவே உயிர். சான் பிரான்சிஸ்கோ அருகே ஃபோர்ட் பேக்கரின் ராணுவ வீடுகள் 2008இல் கவாலோ பாயிண்ட் விடுதியாகத் திறந்தது இப்படித்தான். நியாயமான சந்தை வாடகை வசூலிக்க வேண்டும். ஆனால் அறை விலையில் பூங்கா தலையிட முடியாது. குறைந்த செலவில் தங்க வரும் குடும்பத்துக்கு இடமில்லாமல் போகலாம். ஆகவே காட்டின் நடுவே, வேறு தங்குமிடமே இல்லாத இடத்தில் குத்தகை கூடாது என்பது எங்கள் கருத்து. அங்கே கன்செஷன்தான் வேண்டும், எல்.எஸ்.ஐ. தொகையையும் காலம் முடியும்வரை காத்திருக்காமல், கட்டணப் பணத்திலிருந்து இடையிடையே அடைத்துவர வேண்டும்.