முள் சீத்தா சாறு, போனது 38,400 ரூபாய்: வேலூருக்கு சிகிச்சைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று காலைதான் அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்தார். 38,400 ரூபாய். பாதி குடியாத்தத்தில் அம்மா தறியில் உட்கார்ந்து சேர்த்தது, மீதி தங்கச்சியின் வளையலை அடகு வைத்து வாங்கியது.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். முதல் கீமோ முடிந்த மூன்றாவது வாரம் தலையணை முழுக்க முடி. "போதும்பா, வேற ஏதாவது இருந்தா பாரேன்" என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில், லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு இயற்கை மருந்துக் கடை. பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே போனதும் அந்த மனிதர் எழுந்து தன் நாற்காலியை அம்மாவுக்குப் போட்டார். ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார், பையனிடம் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். "எங்க அம்மாவும் இதுலதான் போனாங்க தம்பி" என்றபோது கண் கலங்கியிருந்தது. அப்புறம் நான் எதையும் கேட்கவில்லை. லேமினேட் செய்த ஒரு தாளை நீட்டினார்: முள் சீத்தா (சீத்தாப்பழ வகை மரம்) கீமோவைவிட 10,000 மடங்கு வீரியம், அமெரிக்க ஆராய்ச்சி. இலைச்சாறு, ஆறு பாட்டில், ஒன்று 6,400. பில் கேட்டேன், வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

மூன்று பாட்டில் முடிந்தது. மூன்றாவது கீமோவுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்ததால் கீமோவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். சாறுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் உடனே நிறுத்தச் சொன்னார். திட்டவில்லை, உட்காரவைத்து விளக்கினார். அந்த 10,000 மடங்கு 1996-இல் வந்த ஒரு ஆய்வில் இருக்கிறதாம். முள் சீத்தா விதையிலிருந்து பிரித்த ஒரே ஒரு பொருளை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய் செல்கள் மேல் போட்டுப் பார்த்தது. எந்த நோயாளிக்கும் கொடுத்துப் பார்த்ததில்லை. எங்களுக்கு விற்றதோ இலைச்சாறு! அதில் ஒப்பிட்ட கீமோ மருந்து எது தெரியுமா, அம்மாவுக்கு ஏற்றுகிற அதே சிவப்பு மருந்து. மரத்திலிருந்து மருந்தே வராது என்று அவர் சொல்லவில்லை. அம்மாவுக்கு அடுத்து ஏற்றப்போகும் பாக்லிடாக்செல் முதலில் ஒரு மரப்பட்டையிலிருந்து எடுத்ததுதான், நம் நித்யகல்யாணிச் செடியிலிருந்தும் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து வருகிறது. ஆனால் அதெல்லாம் பிரித்தெடுத்து, பல வருஷம் மனிதர்களிடம் சோதித்து, அளவு குறித்துக் கொடுப்பது. முள் சீத்தாவை வழக்கமாகச் சாப்பிடும் குவாதலூப் என்ற கரீபியன் தீவில், அதற்கும் பார்க்கின்சன் மாதிரியான நரம்பு நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்களாம்.

கடைக்குப் போன் செய்தேன். "கழிவு வெளியேறுது தம்பி, நல்ல அறிகுறி, நிறுத்திடாதீங்க." நேரில் போனால் பையன் மட்டும், ஓனர் சித்தூர் போயிருக்கிறாராம். மறுபடி போனேன், சீல் உடைக்காத மூன்று பாட்டிலையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "மருந்து ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது." வீட்டுக்கு வந்து லேபிளை போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், அடியில் பொடி எழுத்தில் "உணவுத் துணைப்பொருள், நோயைக் குணப்படுத்த அல்ல" என்று இருக்கிறது. விற்கும்போது மருந்து, லேபிளில் உணவு, திருப்பிக் கொடுக்கப் போனால் மறுபடி மருந்து. 38,400 ரூபாய்க்கு இதுதான் பதில்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பொடி எழுத்தைக் கடையிலேயே படியுங்கள். எதைக் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அம்மா சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் மூன்று பாட்டில் உள்ளே போயிருக்கும். நுகர்வோர் புகாருக்கு 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், அந்த லேமினேட் தாளை நான் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அம்மாவுக்கு மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.