கம்பிப் பஞ்சாரம் வாங்கலாமா?

கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் பஞ்சாரம் வீட்டில் இருக்கும்போது 1,600 ரூபாய் கொடுத்து இரும்பில் ஒன்று எதற்கு என்று அத்தை கேட்டார். தாய்க்கோழியோடு குஞ்சு வளரும் வீட்டுக்குத் தேவையில்லைதான். குஞ்சைக் கொத்த வருகிற கோழியைத் தாயே விரட்டிவிடும். தாயில்லாத ஒன்றரை, இரண்டு மாதக் குஞ்சுகளை வாங்கிவந்து, முட்டையிடும் கோழிகளோடு சேர்க்கிறவர்களுக்குத்தான் இது.

மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம், மேலே கொக்கி போட்ட மூடி. அடித்தட்டு கிடையாது. அதுவே நல்லது, குஞ்சுகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். வாங்கும்போது வலைக்கண்ணைப் பாருங்கள். அரை அங்குலம் போதும். பெரிய கண் என்றால் குஞ்சு தலையை வெளியே நீட்டும், கோழி கண்ணிலேயே கொத்தும். எங்கள் மூங்கில் பஞ்சாரத்தில் இந்தத் தொல்லை உண்டு. சேவல் ஏறி நின்றால் சாயவும் செய்யும்.

வாங்கிய குஞ்சுகளை உடனே இதில் அடைத்துக் கோழிகள் நடுவே வைக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் காற்றிலும் பரவும், வலை தடுக்காது. இரண்டு மூன்று வாரம் தள்ளித் தனியே வளர்த்து, தடுப்பூசியும் போட்ட பிறகு, பெரியவை தீனி தின்னும் இடத்தில் பஞ்சாரத்தை வையுங்கள். முதலில் சுற்றிச் சுற்றி வந்து கம்பியைக் கொத்தும். நாளாக நாளாகச் சட்டை செய்யாது. எங்கள் கருப்பி மட்டும் கடைசிவரை முறைத்துக்கொண்டே திரிந்தாள், அவள் குணம் அப்படி.

அப்புறம் பஞ்சாரத்தின் ஒரு பக்கத்தைப் படுக்கைவாட்டில் வைத்த செங்கல் மேல் தூக்கி வைத்தேன். குஞ்சு நுழையும், கோழி நுழையாது. கோழி துரத்தினால் குஞ்சு உள்ளே ஓடிவிடும். இரும்பின் கனத்தால் அது அசையாமல் நிற்கிறது. நான் கொடுத்த காசுக்கு இந்த ஒரு வசதியே போதும். குஞ்சுத் தீவனத்தையும் உள்ளேயே வைக்கலாம். முட்டைக்கோழிக்குப் போடும் லேயர் தீவனம் குஞ்சுக்கு ஆகாது. அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை சதவீதத்துக்கு மேல், வளரும் குஞ்சுக்கு ஒரு சதவீதமே போதும். கூடினால் சிறுநீரகம் கெடும்.

குறையும் உண்டு. இரவில் வெளியே வைக்கலாம் என்று விற்றவர் சொன்னார். நம்பாதீர்கள், கீரியும் பெருச்சாளியும் அடியில் தோண்டி வந்துவிடும். வெயிலில் கம்பி கொதிக்கிறது, மர நிழல் கட்டாயம். பற்றவைத்த இடங்களில் பெயின்ட் இல்லாததால் முதல் மழையிலேயே துரு ஏறியது. வாங்கினால் கையோடு துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்து வாடை போன பிறகு குஞ்சை விடலாம்.