பல் ரப்பரும் ஃபீனிக்ஸ் கையும்: பினாங்கு வெயிலில் பதினெட்டு மாதம்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு நண்பர் தன் அக்காள் மகனுக்காகக் கேட்டார்: ஃபீனிக்ஸ் கையை, அதாவது மணிக்கட்டால் இயங்கும் செயற்கைக் கையை, 3டி பிரிண்டரில் அடித்துப் போட்டால் தாங்குமா? மோதிர விரலின் ரப்பர் மறுபடியும் அறுந்து, பத்து ரப்பரையும் கழற்றி மாற்றிய இரவில் வந்த கேள்வி. அந்தச் சூடு கீழே இருக்கும்.

பேசப்படுவது 130 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அடித்த கை. ஜார்ஜ் டவுனில் மளிகைக் கடைக் கல்லாவில் தினமும் வேலை செய்கிறது. பை பிடிக்கும், மற்றக் கை டேப் ஒட்டும்போது பெட்டியை அமுக்கிக்கொள்ளும், ரிங்கிட் நோட்டை விரல்களுக்கிடையில் வைத்துக்கொள்ளும். மணிக்கட்டை மடக்கினால் நூல் இழுபட்டு விரல் மூடும். நிமிர்த்தினால் ரப்பர் விரலைத் திறக்கும். மூட்டுக்கு ஒரு ரப்பர், ஐந்து விரலுக்குப் பத்து. தொல்லை முழுக்க அந்தப் பத்தில்தான்.

பற்களுக்குக் கம்பி கட்டும்போது போடும் சின்ன ரப்பர் வளையம் அது. போட்ட முதல் சில மணி நேரத்திலேயே விசை தளர்ந்துவிடும். அதனால்தான் கம்பி கட்டியவர்களை அதைத் தினமும் மாற்றச் சொல்கிறார்கள். இந்தக் கையில் அதே வளையத்தை வாரக்கணக்கில் இழுபட்ட நிலையில் விட்டுவைக்கிறோம். வெயில், வியர்வை, எண்ணெய்க் கை, சாலையோரக் காற்று எல்லாம் சேர்ந்து அதைத் தின்கின்றன. தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பர் வெயிலில் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. முதலில் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு வரும். அதைக் கண்டதும் மாற்றவேண்டும், அறுபடும்வரை காத்திருக்கக் கூடாது. இங்கே மூன்று வாரத்துக்கு மேல் நம்பியதில்லை.

ஆனால் அடிக்கடி அறுந்ததற்கு வெயில் மட்டும் காரணமில்லை. கையை 130 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால் ரப்பரை மாட்டும் கொக்கிக்கும் கொக்கிக்கும் உள்ள தூரமும் 1.3 மடங்காகிறது, ரப்பர் பழைய அளவிலேயே இருக்கிறது. பாக்கெட்டில் 4.5 அவுன்ஸ் என்று போட்டிருப்பது, அந்த வளையம் தன் விட்டத்தைப் போல மூன்று மடங்கு நீளும்போது தரும் விசை. கால் அங்குல வளையம் பெரிய கையில் அதையும் தாண்டி நீள்கிறது, விரல் மடங்கும்போது இன்னும் நீள்கிறது. 5/16 அங்குலத்துக்கு மாறுங்கள். அது கால் அங்குலத்தைப் போல 1.25 மடங்கு, கையின் பெருக்கத்துக்கு ஏறக்குறைய சரியாக வரும். கையின் வடிவமைப்புக் கோப்பைப் பெரிதாக்கச் சொல்லும் குறிப்புகள் ரப்பரையும் பெரிதாக்கச் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் மிச்சமாகியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மன்னிக்க மனம் வரவில்லை.

இன்னொன்று, கொக்கியின் உள்விளிம்பு. அச்சு அடுக்குகளின் மேடுபள்ளம் அங்கே சிறு அரம் மாதிரி நின்று ரப்பரை அறுக்கும். 400 நம்பர் உப்புத்தாளைச் சுருட்டி, விரலால் தடவினால் வழுக்கும்வரை தேயுங்கள்.

தடித்த ரப்பராகப் போட்டால் தீராதா என்று கேட்பார்கள். தீராது. மணிக்கட்டு கொடுக்கும் விசையில் முதல் பங்கு ரப்பரை இழுக்கவே போகிறது, அடுத்த பங்கு நூல் உரசுவதில் போகிறது, மிச்சம்தான் பிடி. ரப்பர் கடினமானால் மதியத்துக்குள் முன்கை வலிக்கும், பிடியும் தளரும். மெலிந்தால் விரல் பாதி மடங்கியே நிற்கும், அடுத்த பொருள் உள்ளே நுழையாது. மீன் எடை போடும் சின்னத் தராசின் கொக்கியை ஒவ்வொரு விரல் நுனியிலும் மாட்டி இழுத்துப் பாருங்கள். நான்கு விரலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டவேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த ரப்பர் போகப்போகிறது.

மாற்று வழி, ரப்பர் போல வளையும் டி.பி.யு. பிளாஸ்டிக்கில் அடித்த இணைப்பு. ஸ்டீவ் வுட் என்ற வடிவமைப்பாளரின் ஃபிளெக்ஸி கை முழுக்க அப்படிப்பட்ட மூட்டுகளால் ஆனது. இங்கே இரண்டு விரலுக்கு அதைப் பொருத்தி ஐந்து மாதம் ஆகிறது, ஒன்றும் அறவில்லை. கடினம் 95ஏ என்று போட்ட இழை, படுக்கவைத்து அடிக்கவேண்டும். நிற்கவைத்தால் அடுக்கு பிரியும். தடிமன் 2 மி.மீ. வைத்தபோது விரல் மடங்க மறுத்தது. 1.5 ஆக்கியதும் சரியானது, ஏனென்றால் வளைக்கத் தேவையான விசை தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் குறையும்: 0.75-இன் மும்மடி 0.42, அதாவது பாதிக்கும் கீழே. பினாங்கு ஈரத்தில் டி.பி.யு. ரோலைத் திறந்து வைத்தால் மறுநாளே பிரிண்டர் முனையில் பொரியும், நூல் நூலாகத் தொங்கும். 50 பாகையில் ஆறு மணி நேரமாவது உலர்த்தி, சிலிகா ஜெல் போட்ட பெட்டியிலிருந்தே நேராக ஊட்டுங்கள்.

சூடு பற்றிச் சுருக்கமாக: பி.எல்.ஏ. 60 பாகையை ஒட்டி இளகும். முன்கைக் கவசத்தைச் சுடுநீரில் வளைத்து எடுப்பது அதனால்தான் சுலபம்; அதே காரணத்தால் வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்த கவசம் விரிந்துவிடும். சூடான தே தாரிக் கிளாஸைப் பிடித்தாலும் விரல் நுனி மழுங்கும். கவசத்தை மட்டும் பெட்ஜி என்ற பிளாஸ்டிக்கில் அடிப்பது மேல், அது 80 பாகைவரை தாங்கும். ஆனால் வளைக்கக் கொதிநீருக்கு அருகில் வேண்டும். எதுவானாலும் தோல்மேல் வைத்து வளைக்காதீர்கள், அளவான பாட்டில்மேல் வையுங்கள். உள்ளே ஃபோமைப் பசையால் ஒட்டினால் வியர்வையில் நகரும். வெல்க்ரோவில் ஒட்டினால் கழற்றித் துவைக்கலாம்.

நூலுக்குத் தூண்டில் கடையில் கிடைக்கும் 80 பவுண்டு பின்னல் நூல். நைலான் ஒற்றை இழை நாளாக நாளாக நீண்டுவிடும். பின்னல் நூலில் முடிச்சு வழுக்கும், இரட்டை முடிச்சில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விடுங்கள். நூல் திரும்பும் வளைவில் பி.எல்.ஏ.யை அறுத்துக் குழியாக்கும். பிரிண்டரின் டெஃப்ளான் குழாய்த் துண்டை அங்கே செருகினால் நிற்கும். பெரிதாக்கிய கையில் 3 மி.மீ. துளை 3.9 ஆகிவிடும், எம்3 திருகு பிடிக்காது. அந்தத் துளையுள்ள பாகத்தைக் கோப்பிலேயே திருத்திவிட்டு அடியுங்கள்.

இவ்வளவு திட்டிய பிறகு நுகத்தடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விரலுக்கு ஒரு தனி நூல் என்பதை மாற்றி, நான்கு நூலையும் ஒரு சிறு நுகத்தடியில் கட்டினோம், வண்டி மாடுகளுக்குப் போடுவது போலத்தான். ஒரு விரல் பொருளைத் தொட்டு நின்றதும் தடி சாய்ந்து மிச்ச இழுப்பை மற்ற விரல்களுக்குத் தள்ளுகிறது. மாங்காயை எடுத்தால் நான்கு விரலும் நான்கு விதமாக மடங்கி அதன் வடிவத்துக்குப் படிகின்றன. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. 1840களில் அடிலெய்டில் ஒரு பல் மருத்துவர் திமிங்கில எலும்பில் செய்த கயிற்றுக் கையைப் பார்த்துத்தான் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட் வான் ஆஸும் அமெரிக்காவின் ஐவன் ஓவனும் தங்கள் செயற்கைக் கையை வடிவமைத்து, 2013-இல் கோப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். மாங்காயை மூடும் விரல்களைப் பார்க்கும்போது அவர்களுக்குக் கையெடுத்து வணக்கம் சொல்லத் தோன்றும்.

அப்படியிருந்தும் நண்பருக்கு இன்றைய பதில்: பல் ரப்பர் போட்ட கையாக இருந்தால் வேண்டாம். படிக்கிற பையன், பள்ளியில் ரப்பர் அறுந்தால் மாற்றிக் கொடுக்க ஆள் இருக்காது. டி.பி.யு. மூட்டோடு என்றால் இந்த வாரமே அடிக்கலாம், ரோலில் பாதிகூட ஆகாது. அதற்கு முன்னால் பையனின் மணிக்கட்டு 30 பாகையாவது மடங்குகிறதா, நூலை இழுக்கும் அளவுக்கு உள்ளங்கை மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபீனிக்ஸ் அவனுக்கு உதவாது. முழங்கையால் இயங்கும் அன்லிம்பிட்டெட் கையின் கோப்பை எடுக்கவேண்டும், அதற்கு அளவெடுக்கும் முறையே வேறு. மடங்குகிற கோணத்தைப் பக்கவாட்டில் படமெடுத்து, விரல் முட்டிகளின் அகலத்தை மில்லிமீட்டரில் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறது.