டிப்ரஸ், டிஸ்கரேஜ், டிஸ்ஹார்ட்டன்: எதை எங்கே எழுதுவது?

ஒருவர் மனதை வாடச் செய்வதைச் சொல்ல ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வினைச்சொற்களாவது இருக்கின்றன. நம் பேச்சில் புழங்குபவை மூன்று நான்குதான்: டிப்ரஸ், டிஸ்கரேஜ், அப்செட், அப்புறம் அலுவலகங்களில் டிமோட்டிவேட். ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினால் பலவற்றுக்கும் 'மனம் தளரச் செய்', 'சோர்வூட்டு' என்றே இருக்கும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிடுகிறோம். விழுந்தது என்ன? மனநிலையா, துணிச்சலா, எதிர்பார்ப்பா, ஒரு கூட்டத்தின் உறுதியா? இதை முதலில் கேட்டுக்கொண்டால் சரியான சொல்லைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

சேடன், டிப்ரஸ்

இரண்டில் எளியது 'சேடன்'. வருத்தம் தருவது, அவ்வளவுதான். ஆனால் பேச்சில் அதிகம் வராது. இரங்கல் கடிதத்திலும் அலுவல் அறிக்கையிலும் 'வீ ஆர் சேடண்ட்' என்று வரும். வாய்ப்பேச்சுக்கு 'இட் மேட் மீ சேட்' போதும்.

'டிப்ரஸ்' அப்படியல்ல. லத்தீன் மூலத்தில் அது கீழே அழுத்துவது. தொண்டையைப் பார்க்கும் டாக்டர் நம் நாக்கை அழுத்திப் பிடிக்கும் தட்டைக் குச்சியின் பெயர் டங் டிப்ரஸர். 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி, கிரேட் டிப்ரஷன். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் 'டிப்ரஸ்ட் கிளாசஸ்' என்று எழுதினார்கள்; 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அந்த மக்களின் சார்பில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் கலந்துகொண்டார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு ஒடுக்கப்பட்டவர்கள் என்று பொருள். சோகத்துக்கு அதில் இடமே இல்லை.

ஆக, டிப்ரஸ் என்றால் அழுத்தி, எழவிடாமல் வைத்திருப்பது. வாரக்கணக்கில் வெயிலே காணாத வானம் டிப்ரஸ் செய்யும். வெளிச்சம் புகாத அறை செய்யும். ஒரு கிரிக்கெட் மேட்சில் தோற்றதற்கு இந்தச் சொல் அதிகம்.

இதில் எனக்கு அழுத்தமான கருத்தே உண்டு. டிப்ரஷன் என்பது இன்று ஒரு நோயின் பெயரும்கூட. குறைந்தது இரண்டு வாரங்களாவது, நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடப்பது அல்லது எதிலும் நாட்டமற்றுப் போவது, அதோடு தூக்கமும் பசியும் கெடுவது போன்ற அறிகுறிகளை வைத்து மருத்துவர்கள் அதைக் கண்டறிகிறார்கள். பஸ்ஸை விட்டதற்கும் பிரியாணி தீர்ந்துபோனதற்கும் 'டிப்ரஸ்டா இருக்கு' என்று சொல்லிச் சொல்லியே, உண்மையில் அந்த நிலையில் இருப்பவர் வாய்திறக்கும்போது யாரும் காதுகொடுக்காதபடி செய்துவிட்டோம். 'சேட்', 'டவுன்', 'லோ' என்று சின்னச் சொற்கள் இருக்கின்றன. அன்றாட வாட்டத்துக்கு அவை தாராளமாகப் போதும்.

டிஸ்கரேஜ், டிஸ்ஹார்ட்டன்

அதிகம் குழம்புவது இந்த ஜோடியில்தான். பிறப்பிலும் இவை சொந்தம். கரேஜ் என்ற பிரெஞ்சு வழிச் சொல்லுக்குள் இதயத்தைக் குறிக்கும் லத்தீன் 'கோர்' ஒளிந்திருக்கிறது. டிஸ்ஹார்ட்டனில் இதயம் வெளிப்படையாகவே நிற்கிறது. ஆனால் வளர்ந்த விதம் வேறு.

டிஸ்கரேஜ் இரண்டு வேலை செய்யும். ஒன்று, ஒருவரின் தன்னம்பிக்கையைக் குறைப்பது. இன்னொன்று, 'ஃப்ரம்' சேர்த்து, ஒரு செயலைச் செய்யவிடாமல் தயங்க வைப்பது. இரண்டாவதில் சோகம் துளிகூடத் தேவையில்லை. அப்பா மகனை சிகரெட் பக்கம் போகாமல் டிஸ்கரேஜ் செய்யலாம். விலங்குகளுக்குத் தீனி போடுவது 'இஸ் டிஸ்கரேஜ்ட்' என்று ஒரு பூங்கா பலகை வைக்கலாம். தடை என்று சொல்லாமல், வேண்டாம் என்று சொல்கிற நாசூக்கு அது. நம் ஊரில் 'டிஸ்கரேஜ் பண்றாங்க' என்றால் எப்போதும் புகார்தான். ஆங்கிலத்தில் நல்லெண்ணத்தோடும் டிஸ்கரேஜ் செய்ய முடியும்.

டிஸ்ஹார்ட்டனுக்கு இந்த இரண்டாவது வேலை கிடையாது. ஒரு செயலை டிஸ்ஹார்ட்டன் செய்ய முடியாது, மனிதரைத்தான் செய்ய முடியும். பெரும்பாலும் அதற்கு முன்னால் கொஞ்சம் உழைப்பு இருந்திருக்கும். மாதக்கணக்கில் படித்து எழுதிய தேர்வின் முடிவு, ஐந்தாவது முறையாகத் திரும்பி வரும் விண்ணப்பம் இவையெல்லாம் டிஸ்ஹார்ட்டனிங். தொடங்கும் முன்பே ஒருவர் டிஸ்கரேஜ்ட் ஆகலாம்; டிஸ்ஹார்ட்டண்ட் ஆக, பாதி வழியாவது நடந்திருக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் இந்தச் சொல் வருமிடம் அருமையானது. அஜின்கோர்ட் போருக்கு முந்தைய இரவு. மாறுவேடத்தில் திரியும் அரசன் தன் வீரர்களிடம் சொல்கிறான்: அரசனுக்கும் நம்மைப் போலத்தான் அச்சம் இருக்கும், ஆனால் அதை வெளியே காட்டினால் படை டிஸ்ஹார்ட்டன் ஆகிவிடும். அங்கே யாரும் யாரையும் எதையும் செய்யாதே என்று தடுக்கவில்லை. ஒரு முகத்தைப் பார்த்ததிலேயே உள்ளம் தளர்ந்துவிடும் என்பதுதான் கவலை. டிஸ்கரேஜ் அந்த இடத்தில் இவ்வளவு பொருந்தாது.

அலுவலகத்தில் இளையவர் ஒருவர் அப்ரைசல் முடிந்து மேலாளருக்கு எழுதிய மெயிலை என்னிடம் காட்டினார். 'யுவர் ஃபீட்பேக் டிப்ரஸ்ட் மீ' என்றிருந்தது. அதை 'ஐ ஃபவுண்ட் தி ஃபீட்பேக் டிஸ்கரேஜிங்' என்று மாற்றச் சொன்னேன். முதல் வரி எழுதியவரின் உடல்நிலையைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. படிப்பவர் பயந்து ஒதுங்குவார், இல்லையென்றால் ஹெச்ஆரைக் கூப்பிடுவார். இரண்டாவது வரி வேலையைப் பற்றிய பேச்சு. மேலாளர் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டிமாரலைஸ், டிமோட்டிவேட்

டிமாரலைஸ் கூட்டத்துக்கான சொல்: படை, அணி, ஊழியர்கள். தனி மனிதருக்கும் போடலாம், ஆனால் வலு அதிகம். இதன் வரலாறு வேறு மாதிரி. 1790-களில் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதும்போது இதை ஆங்கிலத்தில் முதலில் கையாண்டவர்களில் ஒருவர் நோவா வெப்ஸ்டர். 1828-இல் வந்த அவருடைய அகராதியில் இதற்கு ஒழுக்கத்தைக் கெடுப்பது என்றுதான் பொருள். மனவுறுதியைக் குலைப்பது என்ற பொருள் படைகளைப் பற்றிய எழுத்தின் வழியாகப் பின்னால் வந்து, பழையதை ஓரங்கட்டிவிட்டது.

டிமோட்டிவேட் மேலாண்மைப் புத்தகச் சொல். வேலை செய்யும் ஆசை போனது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. சம்பளம் ஏறாதது டிமோட்டிவேட் செய்யும். பாதி டீமை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்புவது மிச்சமிருப்பவர்களை டிமாரலைஸ் செய்யும். ரிப்போர்ட்டில் இரண்டையும் ஒன்றுபோல எழுதினால் இரண்டாவதன் கொடுமை தெரியாமல் போகிறது.

மற்றவை

'டாண்ட்', வேலையின் மலைப்பே ஒருவரை மிரள வைப்பது. 'டாண்டிங் டாஸ்க்' என்று வரும். 'டிட்டர்', விளைவுக்குப் பயந்து பின்வாங்க வைப்பது. அணு ஆயுதப் பேச்சில் வரும் டிட்டரன்ஸ் இதன் பிள்ளை. 'டிஜெக்ட்', மனம் சோர வைப்பது; வினையாக இன்று அநேகமாக வழக்கில் இல்லை, சோர்ந்துபோனவரைச் சொல்லும் 'டிஜெக்டட்' மட்டும் போதும். 'டிஸ்அப்பாயிண்ட்' வர வேண்டுமென்றால் எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும். 'லெட் டவுன்' அதைவிட நெருக்கமானது, நம்பியவர் கைவிட்டது.

வடிவத்தையும் கவனிக்க வேண்டும். நாம் வாடிப்போயிருந்தால் 'ஐ ஆம் டிஸ்கரேஜ்ட்'. 'ஐ ஆம் டிஸ்கரேஜிங்' என்று எழுதினால் நான் மற்றவர்களை வாட்டுகிறேன் என்றாகிவிடும். நேர்காணலில் இந்த ஒரு விகுதி ஆளையே மாற்றிக் காட்டும்.

'மூட் அவுட்', 'ஃபீல் பண்ணாதே' இரண்டும் நம்மிடையே நன்றாக வேலை செய்கின்றன, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வெளியூர்க்காரருக்கு 'டோன்ட் ஃபீல்' என்று எழுதினால், உணர்ச்சியே இல்லாமல் இரு என்று படிப்பார். சில மார்க்கில் சீட்டைத் தவறவிட்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஆறுதல் எழுத வேண்டுமென்றால் நான் தேர்ந்தெடுப்பது 'டோன்ட் பி டிஸ்ஹார்ட்டண்ட்'. அந்தப் பிள்ளை உழைத்திருக்கிறது என்பதை அந்தச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. நண்பருக்கு என்றால் 'டோன்ட் லெட் இட் கெட் யூ டவுன்'.