கிண்டியா, பத்து லட்சமா? ஒரு வேலூர் வீட்டின் எம்.பி.ஏ. கணக்கு

அக்கா மகன் பி.காம். முடித்துவிட்டான். அடுத்து எம்.பி.ஏ. என்கிறான். மாமாவுக்கு ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. போன ஞாயிறு சத்துவாச்சாரியில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, சரக்குச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் நடுவே கோடு இழுத்து எழுதி வைத்திருந்தார். இடப்பக்கம் "கவர்மென்ட்". அதன் கீழ் ஒரே வரி: "பீஸ் கம்மி". வலப்பக்கம் "பிரைவேட்". அதன் கீழ் ஏசி கிளாஸ், லேப்டாப், கோட்டு, வேலை கேரன்டி. கேரன்டிக்கு அடியில் இரண்டு கோடு வேறு.

"நீதான் எம்.பி.ஏ. படிச்சவன் மச்சான், நீயே சொல்லு" என்றார்.

சொல்வதற்கு முன் அந்த இடப்பக்கத் தலைப்பையே கொஞ்சம் திருத்த வேண்டியிருந்தது. நம்ம ஊரில் கவர்மென்ட் எம்.பி.ஏ. என்று பேசிக்கொள்வதில் பாதி கவர்மென்டே இல்லை. கல்லூரி அரசு உதவி பெறுவதாக இருக்கும், அங்கே எம்.பி.ஏ. மட்டும் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவு. டான்செட் என்கிற மாநில நுழைவுத் தேர்வை எழுதி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்தும் கவுன்சலிங்கில் உட்கார்ந்தாலும், பட்டியலில் வருவது பல சமயம் தனியார் கல்லூரியின் ஒதுக்கீட்டு இடம்தான். நிஜமான அரசு இடங்கள் மாநிலத்திலேயே கொஞ்சம். அதில் பையன் ஆசைப்பட்டது கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை. வலப்பக்கத்தில் நிற்கும் தனியார் கல்லூரிக்குப் பெயர் வேண்டாம். விடுதியோடு இரண்டு வருடத்துக்குப் பத்து லட்சம் கேட்கிறார்கள், அது போதும்.

பாடத்திட்டத்தை ஒப்பிட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். மார்க்கெட்டிங், நிதி, மனிதவளம், புள்ளியியல், நடுவில் கோடையில் ஒரு கம்பெனியில் புராஜெக்ட். இரண்டு இடத்திலும் அதேதான். பத்து லட்சம் பாடத்துக்குப் போகவில்லை. வாசலுக்கு எந்தக் கம்பெனி வருகிறது, பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்கிறார்கள், இந்த இரண்டுக்குத்தான் போகிறது.

பக்கத்து பெஞ்சு விஷயத்தில் கிண்டிக்கே என் ஓட்டு. டான்செட் 100 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போய்விடும். அதில் மேலே வந்தவர்கள்தான் அந்த வகுப்புக்குள் நுழைய முடியும். செக் கொடுத்தால் கிடைக்கிற சீட்டில் அப்படி ஒரு வகுப்பு அமையாது. தனியாரிலும் கேட் (CAT), எக்ஸ்ஏடி (XAT) என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் பார்த்து வடிகட்டிச் சேர்ப்பவை இருக்கின்றன. அவை வேறு ரகம். பையன் கொண்டுவந்த கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கவே இல்லை. அங்கேயே எனக்குப் பாதி ஆர்வம் போய்விட்டது.

அப்புறம் அந்தக் கல்லூரியின் வழவழ விளம்பரப் புத்தகம். நடுப்பக்கத்தில் கோட்டு போட்ட நாலு பையன்கள், தலைக்கு மேல் "அதிகபட்ச சம்பளம்" என்று கட்டைவிரல் அளவு எழுத்து. பக்கத்தில் கம்பெனி லோகோக்கள், வரிசையாக. எந்த வருடம் வந்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. நாமே போன் போட்டுக் கேட்க வேண்டியது இதுதான்: வகுப்பில் எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவனுக்கு எவ்வளவு? இதற்கு மீடியன் என்று பெயர். சராசரியைச் சொன்னால் ஏமாறாதீர்கள், ஒருத்தனுக்குக் கிடைத்த பெரிய தொகை எல்லாரையும் தூக்கிக் காட்டிவிடும். நான் கேட்டபோது அந்தப் பக்கம் இருந்த அம்மா, "நேர்ல வாங்க சார், விளக்கமா பேசலாம்" என்றார். சரி, புரிந்தது.

இனி கடன். மாமா பத்து லட்சத்தை ஏழு வருடத்தால் வகுத்து, மாதம் பன்னிரண்டாயிரம் என்று போட்டிருந்தார். வட்டி எங்கே? பத்து சதவீதம் என்றே வைப்போம். வருடத்துக்கு ஐந்து லட்சமாக வங்கி தருகிறது. படிக்கிற இரண்டு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மூன்று வருடத்தில் தனிவட்டியே 2.5 லட்சம். 12.5 லட்சத்தை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 20,750 ரூபாய். மொத்தத்தில் 17 லட்சத்துக்கு மேல். வருடம் ஆறு லட்சம் என்று ஆர்டரில் போட்டிருக்கும், பி.எஃப்., இன்சென்டிவ் எல்லாம் கழித்துக் கைக்கு நாற்பதாயிரம் வந்தால் அதில் பாதி வங்கிக்கு. மிச்சத்தில் பெங்களூரில் வாடகை, சாப்பாடு. இதைக் கேட்டதும் அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். நகையைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை, இருந்தாலும் அவளுக்குத் தெரியும்.

வழக்கமான கல்விக் கடனில் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். 2024-இல் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் அடமானம் இல்லை. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் என்றால் பத்து லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் கல்லூரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். மாமா பார்த்த கல்லூரி அதில் இல்லை.

தனியார் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய். வாரம் ஒருமுறை மேடையேற்றிப் பேச வைப்பார்கள். நம் பையனுக்கு, நாலு பேர் முன்னால் நின்றால் குரல் உள்ளே போய்விடும் ரகம், அது நல்லதுதான். ஆபீஸ் வேலையும் சுருக்காக நடக்கும். நான் படித்த அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு சான்றிதழுக்காக நாலு முறை பஸ் ஏறினேன். மூன்றாவது முறை, "செக்ஷன்ல ஆள் லீவு" என்றார்கள். முதல் கம்பெனியில் சேரும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாயிற்று. அரசுப் படிப்பு மலிவு என்றால், இந்த அலைச்சலையும் சேர்த்துத்தான்.

தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கவுன்சலிங் தொடங்கும் முன்பே தனியார் கல்லூரிகள் முன்பணம் கேட்கும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ரசீது வாங்குங்கள், யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியைப் படியுங்கள், அசல் சான்றிதழை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் யுஜிசி விதிதான்.

என் முடிவு: கிண்டி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். கிடைக்காவிட்டால், நடுவில் நிற்பவனின் கைச்சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் தவணை அடங்கும் தனியார் கல்லூரி. இரண்டும் இல்லையா, ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு ஷூ ஏற்றுமதி ஆபீஸில் இரண்டு வருடம். எல்.சி., ஷிப்பிங் பில், டிராபேக் என்று ஏற்றுமதி வேலையெல்லாம் கை பழகிய பையன் பிறகு கேட் எழுதிப் போனால், நேர்காணலில் பேச அவனிடம் சொந்தச் சரக்கு இருக்கும். மாமாவுக்கு இந்த மூன்றாவது வழி பிடிக்கவில்லை. "தோலு என்னோட போகட்டும்" என்றார்.

பையன் எதுவும் பேசாமல் சீட்டை வாங்கி, கேரன்டியின் மேல் ஒரு கோடு அடித்தான். வெள்ளிக்கிழமை ஏலகிரி எக்ஸ்பிரஸில் கிண்டிக்குப் போய் அங்கே படிக்கும் பையன்களிடம் நேரிலேயே கேட்டு வருகிறோம். மாமாவும் வருகிறாராம், லீவு சொல்லிவிட்டார்.